பெயருக்கு முன்னால் ஒரு பறவை

பொழுது புலரும் வேளை. சென்னை அடையாற்றின் தென்கரையில், பிரம்மஞான சபை வளாகத்தின் மரச்செறிவுக்குள் பத்துப் பதினைந்து பேர் காலடி ஓசையை அடக்கியபடி நடக்கிறார்கள். வழிகாட்டி நின்று கையை மட்டும் உயர்த்துகிறார். ஆலங்கிளையில் கருமையாக ஏதோ அசைகிறது. பைனாகுலர்கள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. “என்ன பறவை அது?” என்று யாரோ கிசுகிசுக்கிறார். பெயர் கிடைத்த மறுகணம் பைனாகுலர்கள் இறங்கிவிடுகின்றன. விரல்கள் செல்பேசியில் பட்டியலைத் தேடுகின்றன. பறவை அதே கிளையில்தான் இருக்கிறது.

பெயர் அறிவது காண்பதற்குத் துணையா, தடையா?

பறவை நடை போகிற எந்த வளாகத்திலும் எழக்கூடிய கேள்விதான். ஆனால் இந்த மண்ணில் அதற்குக் கனம் அதிகம். 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றுக்கு வந்தது. 1909இல் இந்த வளாகத்தை ஒட்டிய கடற்கரையில்தான் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர், ஜே. கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவனைக் கண்டார். உலக ஆசானாக வரப்போகிறவர் என்று சபையினர் நம்பி வளர்த்த அவர், 1929இல் தமக்காகவே நிறுவப்பட்டிருந்த அமைப்பைக் கலைத்துவிட்டார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த எண்ணம் ஒன்று உண்டு. சொல் வேறு, பொருள் வேறு. மரத்துக்கோ பறவைக்கோ பெயரைச் சொன்னதுமே மனம் எதிரில் இருப்பதை விட்டுவிட்டு, தன் நினைவில் இருப்பதைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இதே இடத்தைத் தமிழ்ச் சைவம் 13ஆம் நூற்றாண்டிலேயே தொட்டிருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், அறியும் வழியான அளவையைப் பேசும் பகுதியில் காட்சியை வகைப்படுத்துகிறது. இதுவோ அதுவோ என்று மனம் இரண்டுபடுவது ஐயம். ஒன்றை வேறொன்றாகக் கொள்வது திரிபு. பொருள் ஒன்று உண்டு என்ற அளவில் நிற்பது நிருவிகற்பக் காட்சி. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்ற ஐந்தோடும் கூடி அறிவது சவிகற்பக் காட்சி. கிளையில் ஏதோ அசைந்ததே, அது நிருவிகற்பம். சின்னான் என்பது பெயர். கொண்டைக்குருவி இனம் என்பது சாதி. கரிய தலையும் வாலடிச் சிவப்பும் குணம். ஆலம்பழத்தைக் கொத்துவது கன்மம். இவற்றையெல்லாம் தாங்கி உயிரோடு கிளையில் இருப்பது பொருள். ஐந்தில் ஒன்றுதான் பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் குறி போட்டுவிட்டு நகர்கிறவர் மற்ற நான்கையும் கிளையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

திரிபுக்கு அக்காக்குயிலை விட நல்ல சான்று கிடைப்பது அரிது. நிறம், உடலின் வரிகள், பறக்கும் பாங்கு, கிளையில் வந்து அமரும் விதம் எல்லாவற்றிலும் அது வல்லூறைப் போலவே இருக்கும். தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் பறவை அது. அதைக் கண்டு வேட்டைப் பறவை வந்துவிட்டதென்று சிறு பறவைகளே கலவரப்படுகின்றன. புதிதாகப் பறவை பார்க்க வந்தவரும் ஏமாறுவார். அலகு கொக்கியாக வளைந்திருக்கிறதா, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கிறதா என்று அவர் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் கண்ணைப் பறவையின் மேல் நிறுத்திவைக்கிறது. கிருஷ்ணமூர்த்தியின் எச்சரிக்கை உண்மையானது. ஆனால் அது முழு உண்மை அன்று.

பெயர்களிலும் வேறுபாடு உண்டு. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி. தன் குரலையே பெயராகக் கொண்டது குக்குறுவான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, சருகு கூட்டப்படாத தோப்புகளில் தங்கி, விடியலிலும் அந்தியிலும் சீழ்க்கையடிப்பது ஆறுமணிக்குருவி. கடிகாரம் பார்க்கும் வழக்கம் வந்த பிறகே பிறந்திருக்கக்கூடிய பெயர் அது. யாரோ பல நாள் மணியையும் குரலையும் ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். அதே பறவையைப் பறவையியலார் பிட்டா என்கிறார்கள். தெலுங்கில் அந்தச் சொல்லுக்குப் பறவை என்பதுதான் பொருள். ஏதோ ஒரு பறவை என்பதோடு ஒரு பெயர் நிற்க, இன்னொன்று அதன் நாளையே சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட பெயர்களைத் திரை என்று தள்ள மனம் வரவில்லை. நமக்கு முன் பார்த்தவர்களின் பொறுமை அவற்றில் சேர்ந்திருக்கிறது.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடமாவது பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல விதி. பட்டியல் தேவைதான், எந்தப் பறவை குறைகிறது என்பது அதனால்தான் தெரியவரும். கிருஷ்ணமூர்த்தியின் எழுத்திலும் கிளிகளும் காகங்களும் பெயரோடுதான் வருகின்றன. ஆனால் அவை எப்படிப் பறந்தன, வெளிச்சம் எங்கே விழுந்தது என்பதையெல்லாம் சொல்லாமல் அவர் நகர்வதில்லை. அவர் தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளியிலேயே பறவைகளைப் பற்றிய கல்விக்கென ஒரு நிலையம் உருவானது.

நல்ல வழிகாட்டிகள் பெயரை உடனே சொல்வதில்லை. வால் எப்படி இருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள். மார்கழி, தை மாதங்களில், சில நாட்களில் அந்த மௌனத்துக்குள் புதருக்கு அடியிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழும். யாராவது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு அதை மறந்து, சருகு எந்த இடத்தில் அசைகிறது என்று தேடத் தொடங்குவார்.