நோயுற்ற சேவலும் கொல்லாமையின் எல்லையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமண மரபில், ஓர் உயிரைக் கொல்லாதிருப்பதும் அதன் துன்பத்தைப் பெருக்காதிருப்பதும் பெரும்பாலும் ஒரே செயலாக அமைகின்றன. தீராத நோயில் வீழ்ந்த வீட்டுச் சேவலின் முன்னேயோ அவை இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி உண்டே தவிர, வந்தபின் நீக்கும் மருந்து இல்லை. அந்நோயில் கழுத்து முறுக்கிக்கொண்ட சேவலைத் தனியே பஞ்சாரத்தில் அடைத்து, கையால் தீனியும் நீரும் ஊட்டிக் காப்பதா, அறுத்து அதன் வேதனையை முடிப்பதா என்னும் வினா அங்கே எழுகிறது.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் இவ்வினாவுக்கு உரிய அளவுகோலை வேறொரு சூழலில் வைத்துத் தருகிறது. உயிர்ப்பலிக்கு உடன்படாத யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிடுகிறான். அதன் பயனாகத் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகளில் உழன்று, பின்னர் கோழிகளாகவே பிறக்கின்றனர். பிற உயிருக்கு இழைக்கும் ஊறாகிய இம்சையை உடலால் நிகழும் திரவிய இம்சை, மனத்தால் நிகழும் பாவ இம்சை எனச் சமணர் இரண்டாகப் பகுப்பர். வினையைக் கட்டுவதில் பின்னதே முதன்மையானது என்பதை இக்கதை மிகக் கடுமையாக நிறுவுகிறது. மாவுக் கோழிக்கு இத்தனை தண்டனையா என்று வாசகர் திகைக்க வேண்டும் என்பதே காவியத்தின் விருப்பம் போலும்.

இதே அளவுகோலை மறுபுறம் திருப்பியவர் காந்தி. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் மீள வழியின்றித் துடித்த கன்று ஒன்றை ஊசி மருந்தால் இறக்கச் செய்த அவர், தன்னலமின்றித் துன்பத்தை நீக்கும் நோக்குடன் செய்யப்பட்ட அச்செயல் அகிம்சையே என வாதிட்டார். சமணர் உள்ளிட்ட பலர் அவரைக் கடுமையாகக் கண்டித்தனர். வேதனை என்பது அவ்வுயிர் தன் பழவினையை நுகர்ந்து கழிக்கும் வழி என்றும், உடலை நீக்கினால் வினை நீங்காது என்றும் கொள்ளும் சமண விடை கேட்பவருக்குக் கல்நெஞ்சமாகத் தோன்றக்கூடும். ஆயினும் நோக்கம் ஒன்றையே நம்பி உயிரைப் போக்குவதில் உள்ள இடருக்கு அவ்விடை இடம் தருவதில்லை.

அந்த இடர் கன்றிடத்தில் புலப்படாமல் சேவலிடத்தில் புலப்படுகிறது. ஆசிரமத்தார் கன்றின் இறைச்சியை உண்போர் அல்லர்; சேவல் வளர்க்கும் வீட்டிலோ இரக்கத்துக்கான கத்தியும் குழம்புக்கான கத்தியும் பெரும்பாலும் ஒன்றே. சேவல் சோர்ந்து கொண்டை கறுத்ததும், சாவதற்குள் அறுத்துவிடலாம் என்னும் பேச்சு எழும்போது, அதில் இரக்கம் எவ்வளவு, வீணாகிவிடுமே என்னும் கணக்கு எவ்வளவு என்பதை அறுப்பவராலேயே பிரித்தறிய இயலாது. ஆகவே காந்தியின் வாதம் இங்கே செல்ல வேண்டுமாயின், உடையவர் அவ்விறைச்சியைத் துறந்தாக வேண்டும். அதற்கும் முன்னதாக, கழுத்து முறுக்கிய பறவையும் ஊட்டினால் உண்டு நெடுநாள் வாழக்கூடும் ஆதலால், நோய் தீராதது என்பதையும் வேதனை தாங்கவொண்ணாதது என்பதையும் வேறுபடுத்திப் பார்த்தாக வேண்டும்.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர சமணக் கோயிலை ஒட்டி இயங்கும் பறவை மருத்துவமனை, பயன் கருதாமையை நடைமுறை விதியாகவே ஆக்கியுள்ளது. குணமான பறவைகளைக் கொணர்ந்தவரிடம் திருப்பித் தராமல் பறக்க விடுவதே அங்கு வழக்கம். புறாவுக்கும் கிளிக்கும் பொருந்தும் அவ்வழி, வானில் பறந்து பிழைக்க இயலாத சேவலுக்குப் பொருந்தாது. அதை வளர்த்தவரோ அவரைப் போன்ற வேறொருவரோ ஏற்றுத் தீனியிட வேண்டியிருப்பதால், நோக்கம் பற்றிய ஐயம் அது குணமான பின்னரும் தொடர்கிறது.