கொரியா டிராமாவும் கொரியா எழுப்புதலும்



"பாஸ்டர், கொரியன் டிராமா பார்க்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று வாலிபர் கூட்டத்தில் சீட்டு எழுதிப் போடுகிறார்கள். தாய்மார் வேறுவிதமாய்க் கேட்கிறார்கள்: "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனும் கையுமா இருக்கா பாஸ்டர், ஜெபிச்சுக்கோங்க." ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது. பார்க்காததைக் குறித்துப் பிரசங்கம் பண்ணவும் எனக்கு மனதில்லை. ஆகவே சிலவற்றை முதலிலிருந்து கடைசிவரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தவன் என்கிற முறையில் என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன். யாரும் இடறலடைய வேண்டாம்.

நம்மில் மூத்த விசுவாசிகளுக்கு கொரியா என்றால் ஜெபம். 1907 ஜனவரியில் பியோங்யாங் பட்டணத்து ஜாங்தேஹ்யான் சபையில் ஊற்றப்பட்ட எழுப்புதலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதிகாலை ஜெபம், ஒரே நேரத்தில் சபை முழுவதும் சத்தமாய் ஜெபிப்பது, ஜெப மலை, செல் குரூப் என்று எத்தனையோ காரியங்களை அவர்களிடத்திலிருந்து கற்றுக்கொண்டோம். 1958-ல் ஒரு கூடாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு பாஸ்டர் யாங்கி சோவும் சோய் ஜா-ஷில் அம்மாவும் ஆரம்பித்த ஊழியம், சியோலில் யோயிடோ பூரண சுவிசேஷ சபையாகி, உலகத்திலேயே பெரிய சபை என்று பேர் பெற்றது. அந்த யாங்கி சோ 2021 செப்டம்பர் 14-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 17-ல், நெட்பிளிக்ஸில் "ஸ்குவிட் கேம்" வெளியானது. நம்முடைய பிள்ளைகளில் அநேகருக்கு முதல் செய்தி தெரியாது. இரண்டாவது செய்தி தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை!

முதலாவது நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிராமாவில் பிள்ளைகள் தகப்பனை "அப்பா" என்று கூப்பிடுகிறார்கள், தாயை "ஓம்மா" என்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அதிலேயே பாதி மனசு ஒட்டிக்கொள்கிறது. (அப்பா பிதாவே என்று கூப்பிடும் ஆவியைப் பெற்ற நமக்கும் அது இனிமையாய்த்தான் கேட்கிறது.) 2015-ல் தொடங்கிய "ரிப்ளை 1988" என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். சியோலில் சாங்முன்-தோங் என்கிற பகுதியில் ஒரு சந்து. ஐந்து குடும்பம். சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு தாயும் தான் சமைத்ததில் ஒரு கிண்ணம் எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறாள். போன பிள்ளை வேறொரு கிண்ணத்தோடு திரும்பி வருகிறது. இப்படியே போய்ப் போய், ஒரே குழம்பு வைத்த வீட்டிலும் பந்தி நிறைந்துவிடுகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதி சபையார் வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு போஜனம் பண்ணினார்கள் என்று வாசிக்கிறோமே, அதைக் கண்ணால் பார்த்தது போல எனக்கு இருந்தது. அந்தச் சந்தில் யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. கிண்ணம்தான் போய்வந்தது.

அதே தொடரில் ஒரு நடுப்பிள்ளை. மூத்தவளுக்கும் இவளுக்கும் பிறந்தநாள் சில நாள் இடைவெளியில் வருவதால் வருஷா வருஷம் ஒரே கேக்கில் இரண்டு பேருக்கும் முடித்துவிடுகிறார்கள். முட்டை குறைந்தால் இவளுக்குத்தான் இல்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கதறி அழுதுவிடுகிறாள். அந்தத் தகப்பன் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் குடும்பத்தையே பாதிப் பூமிக்குள் இருக்கிற வீட்டில் குடிவைத்தவன். (நீதிமொழிகளில் பிணைப்படுவதைப் பற்றிச் சொல்லியிருப்பதை யார்தான் கவனிக்கிறார்கள்!) அவன் அன்று இரவு சந்தில் மகளுக்காகத் தனியே ஒரு கேக்கோடு காத்திருந்து மன்னிப்புக் கேட்கிறான். தகப்பனாயிருப்பது தனக்கும் புதுசுதான், முதல் தடவைதான் என்கிறான். நம்முடைய கிறிஸ்தவ வீடுகளில் பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட தகப்பன்மார் எத்தனை பேர்? சபையில் கண்ணீரோடு சாட்சி சொல்லுவோம். வீட்டுக்கு வந்தால் "நான் அப்பன்டா" என்போம். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதேயுங்கள் என்று பவுல் எழுதினதற்கு இந்த ஒரு காட்சி நல்ல வியாக்கியானம்.

"தே ஜாங் கும்" என்ற தொடர் 2003-லும் 2004-லும் 54 பாகங்களாக வந்தது. அரமனைச் சமையற்கட்டில் வேலை செய்யும் பெண். பொய்க்குற்றம் சாட்டப்பட்டு ஜேஜு தீவுக்கு அடிமையாய்த் தள்ளப்படுகிறாள். அங்கே வைத்தியம் கற்று, திரும்பி வந்து, ராஜாவுக்கே வைத்தியம் பார்க்கிறாள். பார்த்தவுடனே யோசேப்பு ஞாபகம் வருகிறான் அல்லவா? ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே சத்துருக்கள் ஒவ்வொருவராய் விழுவதைப் பார்க்கத்தான் நாம் 54 பாகமும் உட்கார்ந்திருக்கிறோம். யோசேப்போ சகோதரர் முன்னால் நின்று சத்தமிட்டு அழுகிறான், அவர்களுக்குத் தானியம் கட்டிக் கொடுக்கிறான்.

இனி எச்சரிக்கை. 2016 டிசம்பரில் தொடங்கிய "காப்ளின்" என்ற தொடரில் மரணதூதன் கறுப்புத் தொப்பி போட்ட அழகான வாலிபனாய் வருகிறான். செத்தவர்களுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுக்கிறான், குடித்தால் இந்த ஜென்மத்து ஞாபகமெல்லாம் அழிந்துவிடுமாம். பிறகு மறுஜென்மம். தேவ பிள்ளையே, நம்முடைய அக்கிரமங்களை நினையாமலிருப்பேன் என்று வாக்களித்தவர் தேநீர் கொடுத்து அதைச் செய்யவில்லை, இரத்தம் சிந்திச் செய்தார். குறிசொல்லுகிற பெண்கள், முன்னோருக்குப் படையல் இவையும் பல தொடர்களில் சாதாரணமாய் வருகின்றன. அந்தப் படையலுக்கு விலகி நின்றதற்காகவே ஆதியில் கொரிய விசுவாசிகள் சொந்த ஜனத்தாரால் தள்ளப்பட்டார்கள். பச்சைப் பாட்டில் சோஜுவும் அப்படித்தான். துக்கம் வந்தால் பாட்டில், சந்தோஷம் வந்தால் பாட்டில். மதுவும் புகையிலையும் தொடாதவன் என்பதே அந்நாட்டுப் புராட்டஸ்டண்ட் விசுவாசிக்கு அடையாளமாயிருந்தது. இதை டிராமா சொல்லாது, நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

சகோதரிகளுக்கு ஒன்று. அதில் வருகிற புருஷன் கோபப்படமாட்டான், மழையில் குடை பிடிப்பான், கோடீசுவரனாயுமிருப்பான், சமைக்கவும் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வேர்வையோடு வருகிறார். அவரை அந்த அளவுகோலால் அளந்தால் பாவம், அந்த மனுஷன் எங்கே போவார்! ஒவ்வொரு பாகமும் கடைசி நிமிஷத்தில் ஒரு முடிச்சைப் போட்டு நிற்கிறது. அதனால்தான் இரண்டு மணி ஆகிறது. ஒரு தொடர் 16 பாகம் என்றால், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கெத்செமனேயில் சீஷர்களிடம் ஆண்டவர் கேட்டது ஒரே ஒரு மணி நேரம்.

இப்போது என் இருதயத்தைக் குத்தின காரியத்துக்கு வருகிறேன்.

"ஸ்குவிட் கேம்" இரத்தமயமானது. பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம், இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. கடனில் மூழ்கின 456 பேர் சிறுபிள்ளைகள் விளையாட்டை உயிரைப் பணயம் வைத்து ஆடுகிறார்கள். ஒரு உயிர் போனால் மேலே தொங்குகிற கண்ணாடி உண்டியலில் 10 கோடி வொன் விழுகிறது. மொத்தம் 4,560 கோடி. யூதாஸுக்குக் கிடைத்த முப்பது வெள்ளிக்காசுக்கு இந்தக் காலத்து விலைப்பட்டியல்! அந்தக் கூட்டத்தில் ஜெபிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். எதிரணியார் பள்ளத்தில் விழுந்து சாக, இவர் ஜெபிக்கிறார். அவரைப் பரிகாசம் பண்ணுகிற வாலிபப் பெண் ஜி-யாங், ஒரு போதகரின் மகள். தகப்பன் வீட்டில் அக்கிரமம் செய்துவிட்டு ஜெபிக்கிறவர், தாயையும் கொன்றவர். அந்தத் தகப்பனை அவள் கொன்றுவிட்டு வந்தவள். கோலிக்குண்டு ஆட்டத்தில் அவளுக்கு ஜோடியாய் வருகிறது வடகொரியாவிலிருந்து தப்பி வந்த ஒரு பெண். அவளுக்காகக் காத்திருக்க ஒரு தம்பி இருக்கிறான், தனக்கு ஒருவரும் இல்லை என்று ஜி-யாங் வேண்டுமென்றே தோற்று, உயிரைக் கொடுக்கிறாள்.

ஜெபிக்கிறவன் தன் உயிரைக் காத்துக்கொள்ளுகிறான், ஜெபத்தை வெறுத்தவள் சிநேகிதிக்காக ஜீவனைக் கொடுக்கிறாள். நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப்போனதை வாசித்து எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறோம். இப்போது ஆசாரியன் நாற்காலியில் நம்மையே உட்கார வைத்து ஒருவர் உவமை சொல்லுகிறார்.

"தி குளோரி" என்ற தொடரும் அப்படியே. 2022 டிசம்பர் 30-ல் முதல் பகுதி வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஏழைப் பெண்ணை முடி சுருட்டும் சூட்டுக் கருவியால் சுட்டு வேதனைப்படுத்தினவர்கள். அவள் தழும்போடு ஏறக்குறைய 18 வருஷம் பழிவாங்கக் காத்திருக்கிறாள். சுட்டவர்களில் ஒருத்தி பெரிய சபைப் போதகரின் மகள், போதைக்கு அடிமை. பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொன்னதை அந்தக் கதாநாயகி கேட்கவில்லை, உண்மை. ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எந்த முகத்தோடு எந்தப் போதகர் போவார்? இன்னொன்று. அந்தத் தொடரை இயக்கினவரே, 1996-ல் பிலிப்பைன்ஸில் படித்த நாட்களில் செய்த வன்முறைக்காக 2023 மார்ச்சில் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. கல்லைக் கையில் வைத்திருந்தவர்கள் பெரியோர் தொடங்கி ஒவ்வொருவராய்ப் போனது இதுதான்.

"பாஸ்டர், இது சாத்தான் சபையை அவதூறு பண்ணுகிறது" என்று ஒரு மூப்பர் என்னிடம் சொன்னார். முழுவதும் பொய்யாயிருந்தால் அப்படிச் சொல்லலாம் ஐயா. மகன் வைத்திருந்த பங்குகளைச் சபைப் பணத்தில் அதிக விலைக்கு வாங்கவைத்து, சபைக்கு ஏறக்குறைய 1,300 கோடி வொன் நஷ்டம் உண்டாக்கினதாக 2014-ல் சியோல் நீதிமன்றம் யாங்கி சோவைக் குற்றவாளியென்று தீர்த்தது. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அவர் மூலமாய் இரட்சிக்கப்பட்டவர்களை நான் மறுக்கவில்லை, அவருடைய புஸ்தகங்கள் இன்னும் என் மேஜையில் இருக்கின்றன. ஆனாலும் இதை மறைத்துவிட்டு டிராமாக்காரர்களைச் சபிக்க என் நாவு எழும்பவில்லை.

1907-ல் என்ன நடந்தது? கில் சன்-ஜு என்ற மூப்பர் சபை நடுவில் எழுந்து நின்றார். செத்துப்போன சிநேகிதன் தன்னை நம்பி ஒப்புவித்த பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டேன், நான் ஆகான் என்று அறிக்கையிட்டார். அப்பொழுது உடைந்தது சபை! இரவெல்லாம் ஒருவர் பின் ஒருவராய் எழுந்து நின்றார்கள். திருடினதைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் வீடு வீடாய்ப் போனார்கள். அன்று சபைக்குள்ளே சபையார் வாயால் வந்த அறிக்கை, இன்று வெளியே கதை எழுதுகிறவன் வாயால் வருகிறது. நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னபோது தாவீது "இந்தக் காரியத்தைச் செய்த மனுஷன் மரணத்துக்குப் பாத்திரன்" என்று கோபப்பட்டானே, அதைப்போலத்தான் நாமும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்படுகிறோம்.

வாலிபர் சீட்டுக்கு இப்போது பதில். தம்பி, தங்கச்சி, ஆவியானவர் உள்ளே நெருடுகிற தொடரை அந்த நிமிஷமே அணைத்துவிடு, யாரிடமும் கேட்க வேண்டாம். நெருடாததை வீட்டார் நடுவில் உட்கார்ந்து பார், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்காதே. இரவு ஜெபம் முடிந்த பிறகு போனைக் கையில் எடுக்காதே. பெற்றோரே, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், அரைமணி நேரம் திட்டுவதைவிட அது பிரயோஜனம்.

இந்த மாதம் வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தில் கொரியாவுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். 2019 டிசம்பரில் தொடங்கிய "கிராஷ் லேண்டிங் ஆன் யூ" பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு எல்லையைத் தாண்டி விழும் பெண்ணை ஒளித்துவைக்கிற வடகொரியச் சிப்பாய்களில் ஒருவன், தென்கொரிய டிராமாவைத் திருட்டுத்தனமாய்ப் பார்த்து ரசிக்கிறவன். நாம் பார்த்துச் சிரித்தோம். அங்கே நிஜமாகவே 2020 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்த டிராமாக்களைப் பார்த்தால் பல வருஷம் கடின உழைப்புச் சிறை, பரப்பினால் மரணதண்டனை வரைக்கும். வேதாகமம் வைத்திருப்பதும் அந்த நாட்டில் தண்டனைக்குரியது. கிழக்கின் எருசலேம் என்று பேர்பெற்ற பியோங்யாங்தான் அந்தத் தேசத்துக்குத் தலைநகரம். டிராமா ஏற்றின சின்ன மெமரி கார்டும் வேதாகமமும் மறைவாய் எல்லை தாண்டிப் போகின்றன. அவற்றை வாங்குகிற கைகளுக்காகவும், கொண்டுபோகிறவர்களுக்காகவும், சியோலின் போதகர்மாருக்காகவும், அந்த மேடைகளைப் பார்த்து எழுதுகிற எழுத்தாளர்களின் ஆத்துமாக்களுக்காகவும் ஜெபிப்போம். டிராமா பார்க்கிற வாலிபர்களே, நீங்கள் முன்வரிசையில் வந்து உட்காருங்கள். அந்த ஊர்ப் பெயர்களெல்லாம் எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாய் வாயில் வரும்.