ஒதுக்கி வைக்கும் உரிமை

கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கி வைக்க ஓர் ஊர் ஜமாஅத்துக்கு உரிமை உண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம். யாருடன் உறவாடுவது என்பதைத் தானே தீர்மானிக்க முடியாத கூட்டம் ஜமாஅத் ஆகாது, சந்தைக் கூட்டமாகிவிடும். எதுவரை என்பதே கேள்வி.

இக்கேள்வி நீதிமன்றமும் ஏறியிருக்கிறது. சமூக விலக்கத்தைத் தடுத்து 1949இல் பம்பாயில் ஒரு சட்டம் வந்தது. தாவூதி போஹ்ராக்களின் மதத் தலைவர் அதை எதிர்த்து வழக்காடினார். 1962இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் நால்வர், மத அலுவல்களைத் தாமே நடத்திக்கொள்ளச் சமயப் பிரிவுக்கு அரசியல் சட்டத்தின் 26ஆவது பிரிவு தரும் உரிமையைச் சுட்டி, அச்சட்டம் செல்லாதென்றனர். தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார். வணக்கத்தலமும் அடக்கத்தலமும் மூடப்பட்ட மனிதர் சொந்தச் சமூகத்திலேயே தீண்டத்தகாதவர் ஆகிவிடுகிறாரே என்பது அவர் கவலை. 2023இல் இவ்விவகாரம் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

சட்டம் தன் வழியில் போகட்டும். விலக்கி வைப்போர் நம்மிடம் காட்டும் ஆதாரம் கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு. தக்க காரணமின்றித் தபூக் போருக்குச் செல்லாதிருந்த மூவருடன் எவரும் பேசலாகாதென நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஐம்பது நாட்கள் அது நீடித்தது. உறவினரான அபூ கதாதா (ரலி) கூட கஃபின் ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் மனைவியரும் விலகியிருக்கப் பணிக்கப்பட்டனர். கடுமைதான். ஆயினும் கஃபு (ரலி) அவர்கள் பள்ளிக்கு வந்து மற்றவர்களுடன் தொழுதார்கள், கடைவீதியில் நடமாடினார்கள், தடுப்பாரில்லை. முதியவரான ஹிலால் (ரலி) அவர்களுக்குப் பணிவிடை செய்ய அவர் மனைவிக்கு அனுமதி கிடைத்தது. வரலாற்றின் இந்தப் பாதியை நம் முத்தவல்லிகள் சிலர் வாய்திறந்து சொல்வதேயில்லை!

மையித்தை அடக்க இடம் தரமாட்டோம் என்பதற்கு எங்கிருந்து ஆதாரம் வரும்? ஜனாஸா தொழுகையும் நல்லடக்கமும் ஃபர்ளு கிஃபாயா. எவருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகிறது. மறுப்பவர்கள் இறந்தவரைத் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு தங்கள் கடமையைக் கைவிடுகிறார்கள். வக்பு செய்யப்பட்ட மையவாடிக்கு நிர்வாகிகள் காவலர்களே, உடைமையாளர்கள் அல்லர்.

சந்தா பாக்கி இருக்கிறதே என்பார்கள். மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல், தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அப்போதும் தொழுகை மறுக்கப்படவில்லை. அக்கடனைத் தாம் ஏற்பதாக முன்வந்தவர், முன்பு ஸலாமுக்குப் பதில் சொல்லாதிருந்த அதே அபூ கதாதா (ரலி). அதன்பின் நபியவர்களே தொழவைத்தார்கள்.