முதுமையைப் பேணுதலும் திருத்தொண்டே

மானிடப் பிறவி எடுத்தோர் முதுமைக்கும் பிணிக்கும் தப்ப முடியாது. வசதி படைத்தோர் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வர். வசதியற்ற முதியவர் பாயில் விழுந்தால் அவரைப் பேணுவது யார் கடமை?

"பெற்ற பிள்ளைகளின் கடமை" என்று உடனே கூறிவிடுகின்றோம். முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்கின்றது. பிள்ளைகளற்ற, கைவிடப்பட்ட முதியோருக்கு உறைவிடம் அளிப்பது அரசின் பொறுப்பு என்றும் அதிலுண்டு. கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கின்றது.

ஆயினும், கைவிட மனமில்லாத பிள்ளையாலும் இயலாத நிலை உண்டு. நாட்கூலிக்குச் செல்லும் மகள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் தாய்க்கு வாய் நனைக்க ஆளில்லை. எழும்ப இயலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வைக்காவிடின் படுக்கைப்புண் வந்துவிடும். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசந்தான். அங்கு கொண்டுபோக ஓட்டோவுக்குக் காசு வேண்டுமே! இம்மகளைக் குறை கூறுதல் அறமாகுமா?

சூலை நோயால் வருந்திய மருணீக்கியார் திருவதிகையிலே தமக்கையார் திலகவதியாரை நாடி வந்தார். சமயம் மாறிச் சென்றவர் என்று அம்மையார் கதவடைக்கவில்லை. திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவரே பின்னர் உழவாரப் படை தாங்கிய நாவுக்கரசர். துன்புற்று வந்தவரைக் குற்றம் பாராது ஏற்பதே தொண்டு.

எமது ஆலய மகோற்சவத்தை ஒரு குடும்பம் தனித்துச் சுமப்பதில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் உபயகாரர் உண்டு. அவ்வாறே படுக்கையிலுள்ள முதியவருக்கும் நாள் பிரித்துக்கொண்டால் என்ன? ஒருநாள் ஒரு வீட்டார் கஞ்சி கொடுக்கலாம். மறுநாள் இன்னொருவர் அருகிருந்து புரட்டிவிடலாம். கிளினிக் நாளில் ஓர் இளைஞர் கூட்டிச் செல்லலாம். அன்னதான மடத்துக்கு வர இயலாதவருக்கு ஒரு பார்சல் வீடு தேடிப் போகலாம்.

"ஊர் கைகொடுத்தால் பிள்ளைகள் பொறுப்பை மறந்துவிடுவர்" என்பாருமுளர். உபயகாரர் இருக்கிறார் என்பதற்காகக் குருக்கள் நித்திய பூசையை விட்டுவிடுகின்றாரா?

உயிர் பிரிந்தபின் அந்தியேட்டிக்கு ஊரே கூடுகின்றது, கல்வெட்டும் அச்சாகின்றது. அதே ஊர் சில மாதங்கள் முன்னதாக அந்தப் படலையைத் திறந்து உள்ளே போயிருந்தால், அந்த முதியவர் தனிமையில் கண்மூடியிருக்கமாட்டார்.

அடியார்களே, அம்பாள் சந்நிதியில் கைகூப்பும் நாம், திரும்பும் வழியில் அப்படியொரு வீட்டுக்குள்ளும் சென்று வருவோமாக. அதற்கான மனத்தை அன்னை எமக்கு அருள்வாளாக.