அழுகை தீர்ந்த பிறகு

சீர்காழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். சித்திரையில் திருமுலைப்பால் உற்சவம் பார்த்துவிட்டு வரும் தாய்மார்கள் கேட்பார்கள்: "டீச்சர், சம்பந்தருக்கு மூணு வயசுல ஞானம் வந்துச்சே, எம்புள்ளைக்கு இன்னும் 'அ' எழுத வரலையே?" பாட்டிகளோ, "அதெல்லாம் அருள். கொடுப்பினை இருந்தா தானா வரும்" என்று முடித்துவிடுவார்கள்.

அருளால் வருவதுதான் அறிவு என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளி எதற்கு? இதற்குச் சம்பந்தர் கதையைப் பாடிய சேக்கிழாரிடமே விடை இருப்பதாக நம்புகிறேன். சம்பந்தரின் தந்தை குளத்தில் மூழ்கியிருக்க, கரையில் நின்ற பிள்ளை அவரைக் காணாமல் அழுகிறது. உமையம்மையும் சிவனும் வந்து உபதேசம் எதுவும் செய்யவில்லை. கண்ணீரைத் துடைத்து, பால் நிறைந்த பொற்கிண்ணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, அழுகையைத் தீர்க்கிறார்கள். கரையேறிய தந்தை, பால் தந்தது யார் என்று கேட்கிறார். அதற்கு விடையாகத்தான் முதல் பதிகம் பிறக்கிறது. சிவஞானமே அந்த வரிசையில்தான் வந்தது.

எங்கள் மையத்தில் சேர்ந்த ஒரு பெண் குழந்தை வாசற்படியை விட்டு நகராது; தொட்டால் அழும். ஆயாம்மா சத்துமாவு உருண்டையை அதன் உள்ளங்கையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். நான் அருகில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளைப் பெரிசு, சிறிசு என்று பிரித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அந்தக் குழந்தை பெரிய குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துச் சின்னதில் போட்டு, "இது குட்டி" என்றது. யாரும் கேட்காமலே ஒப்பிட்டுப் பார்த்து, தன் முடிவைத் துணிந்து சொல்லிவிட்டது.

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அதற்குள் எழுத்தைத் திணித்துவிடப் பதறுகிறவர்கள் உண்டு. ஆனால் அழுதால் ஆள் வருமா, சொன்னால் காது கொடுப்பார்களா என்பதையும் பிள்ளை அந்த வயதில்தான் தெரிந்துகொள்கிறது. பின்னால் படிக்கும் பாடமெல்லாம் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கும்.

கொடுப்பினையை நான் மறுக்கவில்லை. கண்ணீர் துடைக்க ஒரு கை பக்கத்தில் இருப்பதுதான் பிள்ளைக்கு முதல் கொடுப்பினை. விடியுமுன் நடவுக்குப் போகும் தாயின் பிள்ளைக்கும் அது வாய்க்க வேண்டும். அருளை இறைவன் பார்த்துக்கொள்வான். அந்தக் கையை ஊர்தான் தர வேண்டும்.