ஊருக்கு விளம்பிய கை

அய்யா துணை



ஊர்த்தொண்டு, பக்தி, குடும்பம் என்று மூன்றையும் தனித்தனியே பிரித்து வைப்பது உலக வழக்கம். தொண்டுக்குப் போனால் வீடு கெடும் என்பார்கள். வீட்டைக் கவனித்தால் சாமி மறந்துபோகும் என்பார்கள். அய்யா வைகுண்டர் காட்டிய வழி அது அல்ல. வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தவர்கள் வீட்டைத் துறந்த சாமியார்கள் அல்லர். 700 குடும்பத்தார், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக 6 மாத காலம் கூடியிருந்தார்கள். நாளுக்கு மூன்று வேளை நீராடினார்கள், துணி துவைத்தார்கள், எளிய உணவை ஒன்றாகப் பொங்கி உண்டார்கள். குடும்பத்தோடு செய்ததுதான் அந்தத் தவசு.

இதை வாழ்ந்தே காட்டிய ஒரு பெரியவரை இங்கே நினைப்போம். குமரி மாவட்டத்து நிழல் தாங்கல் ஒன்றில் 40 ஆண்டுக்கு மேல் பணிவிடை செய்தவர். பனையேறியின் மகன். விடியற்காலை உகப்படிப்புக்கு முன்பே எழுந்து கிணற்றில் நீர் இறைப்பார். பள்ளியறை முன் விளக்கேற்றி, வருகிறவர்களுக்கு நாமமிட்டு, பதம் கொடுப்பார். ஒரு முறை பஞ்சாயத்து உறுப்பினராகவும் இருந்தார். கோடையில் ஊர்க் கிணறு வற்றியபோது, தாங்கல் கிணற்றை எல்லாத் தெருவுக்கும் திறந்துவிடச் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். "பதினெட்டு சாதியும் ஒன்றாய்க் குளிக்க அய்யா முத்திரிக் கிணறு தந்தாரே, நாம் யார் வாளியைத் தடுக்க?" என்றார். பேச்சு அதோடு நின்றது.

ஞாயிறு தோறும் உச்சிப்படிப்பு முடிந்ததும் அன்னதர்மம். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துக் காய்ச்சிய தவணைப்பாலை அவரே நின்று விளம்புவார். கடைசி ஆள் வாங்கிய பிறகுதான் அவர் உட்காருவார். ஊரே அவரை வாழ்த்தியது.

ஆனால் அந்தப் பயற்றை முந்தின இரவே ஊறவைத்தது யார்? அடுப்புப் புகையில் நின்றது யார்? மிஞ்சிய பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது யார்? அவர் மனைவி. பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்த நாளிலும் அந்த அம்மா பயறு ஊறவைக்கத் தவறவில்லை. கணவர் வீட்டுக்கு வரும்போது பானையில் பெரும்பாலும் அடிக்கஞ்சிதான் இருக்கும். "நீ சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டதில்லை. மனதில் ஈரம் இல்லாமல் அல்ல. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் திருஏடு வாசிப்பு கேட்டுக்கொண்டிருந்தார். பெண் மக்களுக்காகவும் அய்யா தவமிருந்ததைச் சொல்லும் பகுதி வந்தது. தலைப்பாகையோடு இருந்தவர் தலை குனிந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னதர்ம வரிசை கூடியதும், அகப்பையைக் கையில் எடுத்தவர் நேரே அடுப்படிக்குப் போனார்.

"நீ வந்து இரு. இன்னைக்கு முதல்ல உனக்கு விளம்புதேன்."

"ஊர்க்காரங்க நிக்காங்களே?"

"ஊருக்கு விளம்பின கை இது. உனக்கு விளம்பலியே."

அந்த அம்மா வரிசையின் முன்னால் உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் நடக்க முடிந்த காலம் வரை, முதல் அகப்பை அடுப்படியில் உழைத்தவர்களுக்கே.

பெரியவர் வைகுண்டப் பேறு அடைந்தபோது, நம் முறைப்படி நாமமிட்டு, வடக்கு நோக்கி இருத்தி அடக்கம் செய்தார்கள். அடுத்த ஞாயிறு அந்த அம்மா ஊறவைத்த பயற்றோடு தாங்கலுக்கு வந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் கூட வந்திருந்தான். அகப்பையை அவன் எடுத்தான். முதலில் தாய்க்கு விளம்பினான். பிறகு ஊருக்கு.

அன்பு மக்களே! தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவது தர்மம் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தாழ்ந்து கிடப்பவர் தெருவில் மட்டும்தான் இருப்பார் என்று எண்ண வேண்டாம். நம் அடுப்படியிலும் இருப்பார். இந்த ஞாயிறு தாங்கலுக்குப் புறப்படும் முன், நமக்காக உழைத்து ஓய்ந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்: "சாப்பிட்டாயா?" பள்ளியறைக் கண்ணாடியில் நம் முகத்தைக் காணும்போது அந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் நிற்போம்.

அய்யா உண்டு.