அன்பை அளக்குமாறு

சீகாழிக் குளக்கரையில், நீருள் மூழ்கிய தந்தையாரைக் காணாது அழுத ஆளுடைய பிள்ளையாரை நாம் அறிவோம். பிரிவு பிணிப்பைக் காட்டும். மேரி எயின்சுவர்த் என்னும் உளநூலறிஞர், ஓராண்டுக் குழவியைத் தாய் சிறிதுபோது பிரிந்து மீளச்செய்து ஆராய்ந்து, 1978-இல் நூலாக வெளியிட்டார். அழுகையினும், மீண்ட தாயிடம் குழவி ஆறுதல் பெறுமாறே சிறந்த ஏது என்றார்.

ஆயினும், திருச்சுழியலைச் சார்ந்த எம்.ரெட்டியபட்டி போலும் வானம்பார்த்த ஊர்களில், தாய் காட்டுவேலைக்குச் செல்லப் பாட்டியின் இடுப்பில் வளருங் குழவி அழாதிருத்தலும் உண்டு. அதுகொண்டு தாய்பாற் பிணிப்பில்லை என்பது ஏதுப்போலி. காய்ச்சிய இரும்பிற் புகையின்மையால் நெருப்பில்லை என்பாருளரோ? அவ்வம்மையாரும் 1954, 1955-இல் உகாண்டா நாட்டில் வீடுதோறும் பலகாற் சென்று நோக்கியவரே. ஆதலின், ஒருபொழுதைச் சோதனையால் உழைக்குந் தாயரைப் பழியாது, அச்சமுற்ற குழவி எவரெவர் மடியை நாடுகின்றதெனப் பன்னாள் நோக்கித் துணிதலே முறையென்பேம்.